குடைமிளகாய்ப் பூ நின்ற கதை

"கீரனூர்க் கடைத்தெருவில் கால் கிலோ வாங்கினால் முடிந்து போகிற சமாச்சாரம். இதுக்கு மூணு வருஷமா இந்தப் பாடா?" என்று இவர் கேட்காத நாளில்லை. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. எங்கள் குளத்தூர் புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் பூமி. வெயில் என்றால் மண்டையைப் பிளக்கும் வெயில். கத்தரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் எறிந்துவிட்டு வந்தால்கூட முளைத்துக் காய்க்கும். குடைமிளகாயோ நீலகிரி, கொடைக்கானல், ஓசூர் என்று குளுகுளு ஊர்களில் செல்லமாக வளர்ந்த பிள்ளை. அதைக் கொண்டுவந்து இந்தக் கொல்லையில் வளர்க்கிறேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் சகோதரிகளே, போன தைப் பொங்கலன்று எங்கள் வீட்டுப் பானைக்குப் பக்கத்தில் படைத்த காய்கறிகளில் என் கையால் விளைந்த குடைமிளகாயும் இருந்தது. அதற்கு முன்னால் நான் பட்ட அவமானங்களையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனப்படும்.

இரண்டு வருஷம் ஏமாந்தேன்

முதல் வருஷம், சமையலுக்கு வாங்கிய பச்சைக் குடைமிளகாயை நறுக்கும்போது உள்ளே இருந்த விதையை எடுத்துக் காய வைத்துத் தூவினேன். ஒரு விதைகூட முளைக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, பச்சைக் காய் என்பது முற்றாத காய். அதன் விதையும் முற்றாத விதைதான். அதே காய் செடியிலேயே விட்டு வைத்தால் ரகத்துக்கு ஏற்றபடி சிவப்பாகவோ மஞ்சளாகவோ பழுக்கும். அந்தப் பழத்தின் விதை முளைக்கும். ஆனால் கடையில் வருவது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம் என்பதால், தாய்ச் செடி மாதிரியே பிள்ளைச் செடி வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாம் வருஷம் புத்தியாக விதைப் பொட்டலம் வாங்கித் தை மாதம் போட்டேன். செடி ஜம்மென்று வந்தது. போதாததற்கு யூரியாவை வேறு ஒரு கை அள்ளி வைத்தேன். இலை ஒவ்வொன்றும் வெற்றிலை அகலம்! பங்குனியில் பூத்தது. வெள்ளை வெள்ளையாகத் தலை கவிழ்ந்த பூக்கள். பார்க்க அத்தனை அழகு. காலையில் பூக்கும், இரண்டு மூன்று நாளில் காம்பு மஞ்சளாகும், தொட்டால் பொத்தென்று விழும். சித்திரை முழுக்கப் பூ பொறுக்கியதுதான் மிச்சம். ஒரு காய் இல்லை. செடியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டேன்.

ஆடிப்பெருக்கன்று போட்ட விதை

மூன்றாம் வருஷம் நான் இந்த வம்புக்கே போகாமல் இருந்திருப்பேன். போன வருஷம் ஆனி மாதம் என் மூத்தவள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். மூன்றாம் மாதத்தில் கரு நிற்காமல் போய்விட்டது. உடம்பு தேறட்டும் என்று மாப்பிள்ளைதான் கொண்டுவந்து விட்டார்.

புதுக்கோட்டையில் பார்த்த டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "ரத்தம் கம்மியா இருக்கும்மா, அதை முதல்ல சரி பண்ணணும்" என்றார். இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதினார். இன்னொன்றும் சொன்னார். ஆரம்ப மாதங்களில் கரு கலைவது பெரும்பாலும் அந்தக் கருவிலேயே உள்ள கோளாறால்தான், நீ மாடிப்படி ஏறியதாலோ பப்பாளி தின்றதாலோ அல்ல, உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே என்று. அவள் தலையை ஆட்டினாள். ஆனால் மனசு கேட்க வேண்டுமே? நாள் முழுக்கக் கூடத்துத் தூணில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். டி.வி. போட்டாலும் பார்ப்பதில்லை, போனையும் தொடுவதில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? எழுந்திரு, கொல்லைக்கு வா" என்று என் மாமியார்தான் அவளைக் கிளப்பினார். அவரவர்க்கு ஒரு தட்டு. அப்பத்தா புடலையும் பீர்க்கும் ஊன்றினார். பேத்தியின் கைக்குப் போனது, போன வருஷத்து மிச்சக் குடைமிளகாய் விதை. நான் தடுக்கலாமா என்று நினைத்தேன். அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

பத்தாம் நாள் முளை வந்தது. அவள் ஆவணியில் கணவன் வீட்டுக்குப் புறப்படும்போது நாற்று விரல் உயரம். "அம்மா, பாத்துக்க" என்று என்னிடம் பச்சைப் பிள்ளையை ஒப்படைக்கிற மாதிரி ஒப்படைத்துவிட்டுப் போனாள். எனக்கு அடிவயிற்றில் பகீரென்றது. மறுபடியும் பூ உதிர்ந்தால்?

தீபாவளிக்கு உதிர்ந்த பூ

புரட்டாசி பிறந்ததும் நாற்றைத் தொட்டிக்கு மாற்றினேன். எட்டுத் தொட்டி. ஐப்பசியில் பூக்கத் தொடங்கியது. தீபாவளிக்கு மகள் வந்தாள். வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குத்தான் ஓடினாள். நான் பின்னாலேயே போவதற்குள் தொட்டி மண்ணில் கிடந்த ஏழெட்டுப் பூக்களை உள்ளங்கையில் பொறுக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

பலகாரத் தட்டு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்தார். கெட்ட மனுஷி இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் முந்தும். "பூக்குற செடியெல்லாம் காய்ச்சிருமா? சிலதுக்கு ராசி அப்படி" என்றார்.

என் மகள் முகம் செத்துவிட்டது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. திண்ணையிலிருந்து என் மாமியார் குரல் வந்தது: "செடிக்கு என்னடி ராசி? வெக்கையடிக்குது, உதிருது. செடி என்ன பண்ணும்?"

அன்று ராத்திரியே ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் மேஸ்திரியாக இருக்கும் என் சித்தி மகனுக்குப் போன் போட்டேன். அவன் அங்கே வருஷம் பூராவும் குடைமிளகாயோடுதான் குடும்பம் நடத்துகிறான். முழுக்கக் கேட்டுவிட்டு, "பெரியம்மா சொன்னதுதான்க்கா சரி" என்றான். என் மாமியாரை அவன் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். "செடியைத் திட்டாத. இன்னும் ரெண்டு வாரம் பொறு. ராத்திரி குளிரட்டும்."

பூ ஏன் உதிர்கிறது?

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

குடைமிளகாய்ப் பூவுக்கு மாப்பிள்ளை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பூசணி, பாகல் மாதிரி ஆண் பூ தனி, பெண் பூ தனி என்று கிடையாது. ஒரே பூவில் மகரந்தப் பையும் சூல்முடியும் சேர்ந்தே இருக்கின்றன. காற்றில் பூ ஆடினாலே தூள் உதிர்ந்து சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். தேனீயோ கொசுத்தேனீயோ வந்து போனால் இன்னும் விசேஷம்.

ஆனால் அந்தத் தூளுக்கு உயிர் இருக்க வேண்டும். பகலில் 21 முதல் 28 டிகிரி, ராத்திரியில் 16 முதல் 20 டிகிரி வரை இருந்தால் குடைமிளகாய்க்குக் கொண்டாட்டம். பகல் 32 டிகிரியைத் தாண்டினாலோ, ராத்திரி 24 டிகிரிக்குக் கீழே இறங்க மறுத்தாலோ தூள் வலுவிழந்து போகிறது. சூல் பிடிக்காத பூவைச் செடி தாங்கி நிற்காது, காம்பில் உள்ள கணுவில் தானே கழற்றி விட்டுவிடும். பகல் வெயிலைத்தான் நாம் எல்லோரும் கரித்துக்கொட்டுகிறோம். ராத்திரி வெக்கைதான் இதற்குப் பெரிய எதிரி. பங்குனி சித்திரையில் நம் ஊரில் ராத்திரி ஏது குளிர்ச்சி? நான் தை மாதம் விதைத்ததே முதல் கோணல்.

வெக்கை தவிர வேறு காரணங்களும் உண்டு. தழைச்சத்து அதிகமானால் செடி இலை விடுவதிலேயே குறியாக இருக்கும், பூவைக் கைவிட்டுவிடும். என் யூரியா கைங்கரியம் அதுதான். ஒரு நாள் காய விட்டு மறுநாள் குடம் குடமாகக் கொட்டினாலும் பூ உதிரும். தொட்டியில் தண்ணீர் தேங்கினாலும் உதிரும். வெளிச்சம் போதாமல் இருட்டில் வைத்தாலும் உதிரும். இலைப்பேன் பூவுக்குள்ளேயே குடியிருந்து சாறு உறிஞ்சினாலும் உதிரும்.

நாங்கள் செய்தது

தீபாவளி கழிந்து மகள் நாலு நாள் இருந்தாள். அந்த நாலு நாளில் அம்மாவும் பெண்ணுமாகச் சில காரியங்கள் செய்தோம்.

தொட்டிகளின் அடித்துளையைக் குச்சியால் குத்தித் திறந்தோம். ஐப்பசி மழையில் மண் அடைத்துக்கொண்டு, இரண்டு தொட்டியில் தண்ணீர் நின்றிருந்தது. மழை வலுத்தால் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துவது, வெயில் வந்தால் மறுபடி வெளியே வைப்பது என்று வைத்துக்கொண்டோம். காலையில் ஐந்தாறு மணி நேரம் வெயில் பட்டால் போதும். மத்தியான வெயில் சுள்ளென்று அடித்த நாட்களில் என் பழைய நூல் சேலை ஒன்றைக் கொடிக்கயிற்றில் கட்டி நிழல் கொடுத்தோம். பச்சை நிழல்வலை இருந்தால் அதுவும் சரிதான். ஆனால் இருட்டாகிவிடக் கூடாது.

யூரியா பக்கமே போகவில்லை. தொட்டிக்கு இரண்டு பிடி மண்புழு உரம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு, சாம்பல் சத்துக்காக அரைக் கரண்டி விறகுச் சாம்பல். பதினைந்து நாளைக்கு ஒரு முறை இவ்வளவுதான்.

பிறகு கிளை பிரிகிற கவட்டையில் முதன்முதலாக வந்திருந்த மொட்டைக் கிள்ளச் சொன்னான் தம்பி. அந்த ஒன்று மட்டும் காய்த்துப் பெருத்தால் செடியின் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளுமாம். எட்டுச் செடியிலும் கிள்ள எனக்கு மனசே வரவில்லை. என் மகள்தான் கிள்ளினாள். "இது இப்ப போனாதாம்மா செடி நல்லா வரும்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், தூள் வெடிக்கிற நேரத்தில், பூத்த கிளையை ஆள்காட்டி விரலால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுவோம். ஈரம் காய்ந்த பிறகுதான் தட்ட வேண்டும். மழை நாளில் தாழ்வாரத்தில் காற்றும் கிடையாது, தேனீயும் வராது. அதனால் அன்றைக்கு இந்தத் தட்டல் அவசியம். பையன் பழைய படம் வரைகிற தூரிகையைக் கொடுத்தான். அதால் பூவுக்குள் மெல்லச் சுழற்றுவதும் உண்டு.

எங்கள் தெருவில் ஒருவர் தேமோர்க் கரைசல் அடிக்கச் சொன்னார். தேங்காய்ப் பாலும் புளித்த மோரும் கலந்து ஒரு வாரம் ஊற வைத்து, தண்ணீரில் பத்துக்கு ஒரு பங்காக விளாவித் தெளிப்பது. இயற்கை விவசாயிகள் பூ உதிராமல் இருக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். நானும் இரண்டு முறை அடித்தேன். செடி தெளிவாக இருந்தது. ஆனால் எந்தக் கரைசலும் வெக்கையை விரட்டிவிடாது. பட்டம் தவறி விதைத்துவிட்டு மோரை நம்பிப் பலனில்லை.

கார்த்திகை நடுவில் ராத்திரி போர்வை தேட ஆரம்பித்தோம். ஒரு நாள் காலை, இதழ் வாடிய பூ ஒன்று விழாமல் நின்றது. காம்பு மஞ்சளாகவில்லை, பச்சையாகவே கொஞ்சம் தடித்திருந்தது. இதழை மெல்ல விலக்கினால் உள்ளே மிளகு அளவில் பளபளவென்று ஒரு பச்சை மணி! காம்பு மஞ்சளானால் உதிரும், பச்சையாகத் தடித்தால் நின்றது என்று அர்த்தம். இதுதான் அடையாளம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் தினமும் போனில் கேட்கிற முதல் கேள்வி, "அம்மா, நிக்குதா?" அன்றுதான் "நிக்குதுடீ!" என்று கத்தினேன். இவர் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார், என்னவோ ஏதோ என்று.

பக்கத்தில் மிளகாய்ச் செடி இருக்கலாமா?

இதைப் பல பேர் கேட்கிறீர்கள். கார மிளகாயும் குடைமிளகாயும் ஒரே இனம்தான். மிளகாய்க்குக் காரம் தருகிற காப்சைசின் என்ற பொருளைக் குடைமிளகாயால் உண்டாக்க முடியாது, அவ்வளவே வித்தியாசம். தேனீ ஒன்றின் தூளை மற்றொன்றில் சேர்த்தாலும், இந்த வருஷம் காய்க்கிற காய் காரமாகிவிடாது. காயின் சதை தாய்ச் செடியின் சொத்து. உள்ளே இருக்கும் விதையில்தான் கலப்பு ஏறும். அந்த விதையை அடுத்த வருஷம் போட்டால், அப்போது காரக் காய் வரலாம். ஆகவே விதை எடுக்க நினைப்பவர்கள் மட்டும் தள்ளி வையுங்கள், அல்லது மொட்டிலேயே மெல்லிய துணிப் பை கட்டி விடுங்கள்.

இன்னொன்று. ஒரு செடியில் நாலைந்து காய் நின்றதும் மறுபடி பூ உதிர ஆரம்பிக்கும். பயப்படாதீர்கள். சுமக்க முடிந்ததைத்தான் செடி சுமக்கிறது. காயைப் பச்சையிலேயே பறித்தால் அடுத்த ஈடு பூ நிற்கும். சிவக்கட்டும் என்று விட்டால் அடுத்த ஈடு தாமதமாகும்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு நோபல் பரிசு

குடைமிளகாயின் அருமையைச் சொல்ல ஒரு வேடிக்கையான கதை. ஹங்கேரி நாட்டில் செகெட் என்ற ஊர் மிளகாய்க்குப் பேர் போனது. அங்கே ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்ற விஞ்ஞானி 1930களின் தொடக்கத்தில் வைட்டமின் சி-யைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். சோதிக்கப் போதிய அளவு அது கிடைக்காமல் திண்டாட்டம். ஒரு நாள் ராத்திரி அவர் மனைவி சாப்பாட்டில் மிளகாய்ப் பழத்தை வைத்தாராம். இவருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. மனைவியிடம் அதைச் சொல்லவும் தயக்கம். இதை நாம் சோதித்ததே இல்லையே என்று சாக்குச் சொல்லி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நடுராத்திரிக்குள் தெரிந்துவிட்டது, அது வைட்டமின் சி-க்குப் பெரிய களஞ்சியம் என்று! 1937-ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சமைத்துப் போட்ட அம்மாளுக்கும் அதில் பங்குண்டு என்பது என் கட்சி.

எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சைவிடக் குடைமிளகாயில் வைட்டமின் சி அதிகம். பச்சையைவிடச் சிவந்ததில் இன்னும் அதிகம். ரத்தம் குறைந்த பெண்களுக்கு இது ஏன் முக்கியம் தெரியுமா? கீரை, பயறு, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் நன்றாக எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லி, கொய்யாவும் இதே வேலையைச் செய்யும். முருங்கைக்கீரைப் பொரியலோடு பச்சையாக நாலு துண்டு குடைமிளகாய் வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். இதெல்லாம் உணவுக்குத் துணைதான். டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடைமிளகாயை நம்பக் கூடாது.

வேகமாகச் செய்ய ஒரு கறி: எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, சதுரமாக நறுக்கிய குடைமிளகாயைப் போட்டு, தண்ணீர் விடாமல் நாலைந்து நிமிஷம் மட்டும் வதக்குங்கள். உப்பு, கொஞ்சம் மஞ்சள் தூள். வறுத்த நிலக்கடலை ஒரு பிடி, காய்ந்த மிளகாய் இரண்டு, பூண்டு இரண்டு பல் சேர்த்துக் கொரகொரவென்று பொடித்துத் தூவி இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். குழையவிட்டால் ருசியும் போகும், சத்தும் போகும்.

பொங்கலுக்கு

எட்டுச் செடியில் ஒன்றுக்கு இலை சுருண்டு போய்ப் பிடுங்கிவிட்டேன். மற்ற ஏழில் மாசி வரைக்கும் சேர்த்து இருபத்து மூன்று காய் பறித்தோம். கடைக் காய் மாதிரி பெரிசில்லை, கைக்கு அடக்கமான காய்கள். இரண்டு கோணல். பூவில் தூள் சரியாகச் சேராவிட்டால் காய் அப்படி ஒரு பக்கம் சூம்பிப் போகும்.

பொங்கலுக்கு வந்த மகள்தான் முதல் காயைப் பறித்தாள். காம்பைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும், இழுத்தால் கிளையே வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று இரண்டு காயைத் தனியாக எடுத்து வைத்தாள். அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். "என்னடி சொன்னாங்க?" என்று கேட்டேன். "விதை கேக்குறாங்கம்மா" என்றாள்.

அவள் ரத்த அளவு இப்போது சரியாகிவிட்டது. மற்றது எப்போது வருமோ அப்போது வரட்டும், நாங்கள் யாரும் கேட்பதில்லை. இந்த ஆடிக்கு அவள் வீட்டு மாடியில் நாலு தொட்டி வைக்கப் போகிறாளாம். மண்ணும் விதையும் நான் கொடுத்து அனுப்ப வேண்டும். இவர் மட்டும் இன்னமும் கால் கிலோ கணக்குத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். பேசட்டும்!

கவனத்தில் வைக்க

* சமவெளியில் ஆடி, ஆவணியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழிக் குளிர்ச்சியில் பூ நிற்கும். தை மாதத்துக்குப் பிறகு விதைக்க வேண்டாம்.

* கலிபோர்னியா வொண்டர் பழகிய ரகம். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த அர்கா கௌரவ், அர்கா மோகினி, அர்கா பசந்த் ரகங்களும் உண்டு.

* தொட்டி ஓரடி ஆழமாவது இருக்கட்டும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் அல்லது தென்னை நார்க் கழிவு ஒரு பங்கு.

* இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்கவும்.

* காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிந்தால், அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. தண்ணீரை ஒரே சீராக விட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

* எங்கள் மாவட்டத்துச் சகோதரிகள் சந்தேகம் இருந்தால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். மற்றவர்கள் அவரவர் மாவட்டத்து நிலையத்தை அணுகலாம்.